லிட்டருக்கு இத்தனை மில்லி என்பது டோஸ் ஆகுமா? கோழிகளுக்கான ஆன்டிபயாட்டிக் அளவு முடிவாகும் விதம்

பல்லடம், நாமக்கல் பக்கம் கால்நடை மருந்துக் கடை ஒன்றில் அரை மணி நேரம் நின்றால் போதும், "லிட்டருக்கு எத்தனை மில்லிங்க?" என்ற கேள்வி காதில் விழுந்துவிடும். கடைக்காரர் ஓர் எண்ணைச் சொல்வார். பண்ணையாளர் அதைத் தொட்டியின் கொள்ளளவால் பெருக்கி, மருந்தை ஊற்றிக் கலக்கிவிட்டு நம்பிக்கையோடு காத்திருப்பார். கோழிகள் தேறினால் நல்ல மருந்து என்றும், தேறாவிட்டால் மருந்துக்குப் பவர் போதவில்லை என்றும் பேச்சு முடிந்துவிடும். ஆனால் லிட்டருக்கு இத்தனை மில்லி என்பது கலவையின் அடர்த்தியை மட்டுமே சொல்கிறது. ஒரு கோழியின் உடலுக்குள் எவ்வளவு மருந்து போனது என்பதையும், போன மருந்து நோய்க்கிருமியை அடக்கப் போதுமானதா என்பதையும் அது சொல்வதில்லை. இந்த இரண்டையும் அறியாமல் டோஸைப் பற்றிப் பேச முடியாது. அவை எப்படிக் கணக்கிடப்படுகின்றன என்பதைப் பண்ணைத் தொழிலுக்குப் புதியவரும் பின்தொடரும் வகையில் இங்கே விளக்க முயல்கிறேன்.

தொடங்கும் முன் ஒரு வரையறை. ஆன்டிபயாட்டிக் என்பது பாக்டீரியாவைக் கொல்லும், அல்லது அதன் பெருக்கத்தை நிறுத்தும் மருந்து. வெள்ளைக் கழிச்சல் எனப்படும் ராணிக்கெட், கம்போரோ, பறவைக் காய்ச்சல் ஆகியவை வைரஸால் வருபவை. அவற்றுக்கு எந்த ஆன்டிபயாட்டிக்கிலும் சரியான டோஸ் என்று ஒன்று கிடையாது. ஈ.கோலை தொற்று, மைக்கோப்ளாஸ்மாவால் வரும் நாள்பட்ட சளி, கோழிக் காலரா, கொரைசா போன்றவை பாக்டீரியா நோய்கள். டோஸ் என்ற பேச்சுக்கு அங்கேதான் இடம் உண்டு.

கடைமடை வயலும் களையும்

நடவு முடிந்த வயலில் தண்ணீர் கட்டி நிறுத்துவது பயிரின் தாகத்துக்காக மட்டுமில்லை, களையை அடக்குவதற்காகவும்தான் என்பது நெல் விளைவிக்கும் எவருக்கும் தெரியும். இரண்டு அங்குலத் தண்ணீர் சில நாட்கள் தொடர்ந்து நின்றால் முளைவிடும் களை பெரும்பாலும் மேலெழாமல் அடங்கிவிடும். அரை அங்குலம் நின்றால் தலைநீட்டிவிடும்; தலைநீட்டிய களை பூத்து, விதை உதிர்த்து, அடுத்த போகத்துக்கு இருமடங்காக வரும். ஆகவே கடைமடை விவசாயி, அணையில் எத்தனை கன அடி திறந்தார்கள் என்ற செய்தியோடு நின்றுவிடுவதில்லை. தன் வயலில் எத்தனை அங்குலம் நிற்கிறது, எத்தனை நாள் நிற்கிறது என்று வரப்பில் நின்று பார்க்கிறார்.

ஆன்டிபயாட்டிக் டோஸும் இதே கணக்குதான். நாம் கொடுக்கும் மருந்து, மதகில் திறந்துவிட்ட தண்ணீர். கோழியின் குடலும் இரத்த ஓட்டமும் வாய்க்கால். நோய் பிடித்திருக்கும் காற்றுப்பை, நுரையீரல், ஈரல் போன்ற இடங்கள் கடைமடை வயல். பாக்டீரியா, களை. வழியில் கசிவு உண்டு, மடை மாறுவது உண்டு, வயலில் நின்ற தண்ணீர் வடிவதும் உண்டு. இந்த ஒப்புமை ஓரிடத்தில் மட்டும் பொருந்தாது: களை பெருக ஒரு போகம் ஆகும், ஈ.கோலையோ நல்ல சூழலில் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகப் பிளந்து பெருகும். கோழி விஷயத்தில் தவறு செய்துவிட்டுத் திருத்திக்கொள்ளக் கிடைக்கும் அவகாசம் அந்த அளவுக்குக் குறைவு.

களையை அடக்கும் ஆழம்

ஒரு குறிப்பிட்ட பாக்டீரியாவின் வளர்ச்சியைக் கண்ணுக்குத் தெரியும் அளவில் நிறுத்தப் போதுமான மிகக் குறைந்த மருந்துச் செறிவுக்குக் குறைந்தபட்சத் தடுப்புச் செறிவு என்று பெயர். ஆய்வகங்களில் சுருக்கமாக எம்.ஐ.சி. என்பார்கள். இது ஒரு மில்லிலிட்டரில் இத்தனை மைக்ரோகிராம் என்ற அலகில் தரப்படும்.

இதை அளக்கும் காட்சி எளிமையானது. உள்ளங்கை அளவுள்ள பிளாஸ்டிக் தட்டில் வரிசை வரிசையாகச் சிறு குழிகள் இருக்கும். முதல் குழியில் மில்லிக்கு 32 மைக்ரோகிராம் மருந்து, அடுத்ததில் 16, பிறகு 8, 4, 2, 1, 0.5 என்று ஒவ்வொன்றிலும் பாதியாகக் குறைத்துக்கொண்டே போவார்கள். நோயுற்ற கோழியிலிருந்து பிரித்தெடுத்த பாக்டீரியாவை, மில்லிக்குச் சுமார் 5 லட்சம் என்ற கணக்கில், எல்லாக் குழியிலும் இட்டு 35 டிகிரி வெப்பத்தில் இரவு முழுவதும் வைப்பார்கள். மறுநாள் காலை தட்டை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்த்தால், சில குழிகள் பளிங்குபோலத் தெளிந்திருக்கும். சில குழிகளின் அடியில் கழுநீர் படிந்ததுபோல் வெண்மையாக ஒரு பொட்டு இருக்கும். அந்தப் பொட்டு, வளர்ந்த பாக்டீரியா. தெளிந்த குழிகளுள் மருந்து மிகக் குறைவாக உள்ள குழி எதுவோ, அதன் செறிவுதான் எம்.ஐ.சி.

மருந்தால் இதுவரை பழக்கப்படாத ஈ.கோலைக்கு என்ரோஃப்ளாக்சசின் என்ற மருந்தின் எம்.ஐ.சி. 0.03, 0.06 என்ற அளவில் இருக்கும். எதிர்ப்புத்திறன் பெற்ற, அதாவது அந்த மருந்தைத் தாங்கி வளரப் பழகிய ஈ.கோலைக்கு அது 2, 8, சில சமயம் 32கூட ஆகும். இரண்டும் ஈ.கோலைதான், பண்ணையில் தெரியும் அறிகுறிகளும் ஒன்றுதான். ஆனால் ஒன்றை அடக்க ஒரு பங்கு மருந்து போதும் என்றால், மற்றொன்றை அடக்க முப்பது பங்கிலிருந்து ஆயிரம் பங்குவரைகூட வேண்டியிருக்கும். எனவே "ஈ.கோலைக்கு இந்த மருந்து" என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போவதில் அர்த்தமில்லை.

அறிக்கையில் உள்ள வட்டங்கள்

பெரும்பாலான பண்ணையாளர்களின் கைக்கு வருவது எம்.ஐ.சி. அறிக்கை அன்று, மருந்துத் தட்டுச் சோதனையின் அறிக்கை. பாக்டீரியா பூசிய ஊட்டப்பரப்பின் மேல் மருந்து ஊறிய சிறு காகித வில்லைகளை வைத்தால், மருந்து சுற்றிலும் ஊடுருவி, பாக்டீரியா வளராத ஒரு வட்டத்தை உண்டாக்கும். அந்த வட்டத்தின் விட்டத்தை மில்லிமீட்டரில் அளந்து தருவார்கள். இங்கே ஒரு பிழை மிகப் பரவலாக நடக்கிறது. ஒரு மருந்துக்கு 24 மி.மீ., இன்னொன்றுக்கு 18 மி.மீ. என்று இருந்தால், பெரிய வட்டம் உள்ளதே வலுவான மருந்து என்று பலரும் முடிவு செய்துவிடுகிறார்கள்.

வட்டத்தின் அகலம், மருந்தின் வலிமையை மட்டும் பொறுத்ததில்லை. வில்லையில் எவ்வளவு மருந்து ஊறியுள்ளது, அந்த மருந்தின் மூலக்கூறு ஊட்டப்பரப்பில் எவ்வளவு எளிதாகப் பரவும் என்பவற்றையும் பொறுத்தது. கோலிஸ்டின் போன்ற பெரிய மூலக்கூறு மெதுவாகவே பரவும். அதன் வட்டம் இயல்பாகவே சிறிது. ஆகவே ஒவ்வொரு மருந்துக்கும் தனித்தனி எல்லைக்கோடு வகுக்கப்பட்டிருக்கிறது. ஒரு மருந்தின் வட்டத்தை அந்த மருந்தின் எல்லைக்கோட்டோடுதான் ஒப்பிட வேண்டும். பக்கத்து மருந்தின் வட்டத்தோடு ஒப்பிடக் கூடாது.

எம்.ஐ.சி. எண்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். ஒரு மருந்தின் எம்.ஐ.சி. 0.5, மற்றொன்றின் எம்.ஐ.சி. 2 என்றால் முதல் மருந்துதான் சிறந்தது என்று சொல்லிவிட முடியாது. இரண்டாவது மருந்து நோயிடத்தில் 20 மைக்ரோகிராம் அளவுக்குத் தேங்கக்கூடியதாகவும், முதல் மருந்து 0.2 அளவுக்கு மேல் எட்டாததாகவும் இருந்தால் பயன் தருவது இரண்டாவதுதான்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: எம்.ஐ.சி. என்பது வயலில் களையை அடக்கத் தேவையான ஆழம். அது பாக்டீரியாவுக்குப் பாக்டீரியா மாறும். அந்த ஆழம் வயலில் கிடைக்கிறதா என்பது வேறு கேள்வி. அதற்கான பதில் கோழியின் உடலில் இருக்கிறது.

வாய்க்காலில் நடப்பவை

கொடுத்த மருந்தை உடல் என்ன செய்கிறது என்பதை ஆராயும் துறைக்கு மருந்தின் உடலியக்கவியல் என்று பெயர். உறிஞ்சப்படுவது, உடலெங்கும் பரவுவது, ஈரலில் மாற்றப்படுவது, வெளியேறுவது ஆகிய நான்கும் அதில் அடங்கும். கோழிகளுக்கு ஒரு டோஸ் கொடுத்துவிட்டு, இறக்கையின் இரத்தக் குழாயிலிருந்து அரை மணிக்கு, ஒரு மணிக்கு, இரண்டு மணிக்கு என்று தொடர்ந்து இரத்தம் எடுத்து மருந்தின் செறிவை அளப்பார்கள். அந்த எண்களை வரைபடமாக இட்டால், ஏறி, ஓர் உச்சத்தைத் தொட்டு, பிறகு இறங்கும் ஒரு குன்று கிடைக்கும்.

இந்தக் குன்று மருந்துக்கு மருந்து வேறுபடும். என்ரோஃப்ளாக்சசின் குடலிலிருந்து நன்றாக உறிஞ்சப்பட்டு, கிலோ எடைக்கு 10 மி.கி. கொடுத்தால் இரத்தத்தில் ஏறக்குறைய 2 மைக்ரோகிராம் உச்சத்தைத் தொட்டு, பல மணி நேரம் மெதுவாக வடியும். அமாக்சிசிலின் வேகமாக ஏறி, சில மணி நேரத்துக்குள் இறங்கிவிடும். நியோமைசினும் கோலிஸ்டினும் குடலைத் தாண்டி இரத்தத்துக்குள் போவதே மிகக் குறைவு. குடலுக்குள் இருக்கும் கிருமியை அவை எட்டலாம், ஆனால் காற்றுப்பையில் சீழ் கட்டியிருக்கும் கோழிக்குத் தண்ணீரில் எத்தனை மடங்கு கலந்து கொடுத்தாலும் அந்த வாய்க்கால் அந்த வயலுக்குப் போகாது. டோஸைக் கூட்டியும் பலன் கிடைக்காத பல அனுபவங்களுக்கு இதுவே காரணம்.

வாய்க்காலில் அடைப்பும் உண்டு. ஆக்சிடெட்ராசைக்ளின், குளோர்டெட்ராசைக்ளின் போன்றவை கால்சியம், மெக்னீசியம் ஆகியவற்றோடு ஒட்டிக்கொண்டு, உறிஞ்ச முடியாத கலவையாகிவிடும். உப்புக் கடினமான போர் தண்ணீரும், முட்டைக்கோழித் தீவனத்தில் ஓட்டுக்காகச் சேர்க்கும் கிளிஞ்சலும் சுண்ணாம்புக் கல்லும் இந்த மருந்துகளின் கணிசமான பங்கை வழியிலேயே பிடித்துவைத்துக்கொள்ளும்.

உச்சமா, நேரமா, மொத்தமா

இனி இரண்டு கணக்கையும் ஒன்று சேர்க்கலாம். களையை அடக்கும் ஆழத்தைக் கோடாக வரைந்து, அதன்மேல் மருந்தின் குன்றை வைத்துப் பார்ப்பதுதான் டோஸ் முடிவு செய்வதன் மையம். குன்று அந்தக் கோட்டுக்கு மேல் எவ்வாறு இருக்க வேண்டும் என்பது எல்லா மருந்துக்கும் ஒன்றாக இல்லை.

அமாக்சிசிலின், பெனிசிலின் வகைகளுக்கு முக்கியம் நேரம். எம்.ஐ.சி. கோட்டுக்கு நான்கைந்து மடங்கு மேலே போய்விட்டால், அதற்கு மேல் உயர்ந்தும் கூடுதல் பலன் கிடைப்பதில்லை. ஆனால் இரண்டு டோஸ்களுக்கு இடைப்பட்ட நேரத்தில் ஏறக்குறைய பாதிக்காவது குன்று கோட்டுக்கு மேலேயே இருக்க வேண்டும். தண்ணீர் ஆழமாக நிற்பதைவிட வற்றாமல் நிற்பது முக்கியம் என்று இதைச் சொல்லலாம். கோழி இருட்டில் தண்ணீர் குடிப்பதில்லை என்பதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும். நீண்ட நேரம் விளக்கணைக்கும் கொட்டகையில் இந்த வகை மருந்தின் அளவு ஒவ்வோர் இரவும் வற்றிப்போகும்.

ஜென்டாமைசின் போன்ற அமினோகிளைகோசைடு வகைகளுக்கு முக்கியம் உச்சம். குன்றின் உச்சி எம்.ஐ.சி.யைப்போலச் சுமார் 8 முதல் 10 மடங்கு உயர்ந்தால், பிறகு அளவு இறங்கினாலும் கிருமி எளிதில் தலைதூக்காது.

என்ரோஃப்ளாக்சசின் அடங்கிய ஃப்ளூரோகுயினலோன் வகைக்கு உச்சமும் மொத்தமும் சேர்ந்து முக்கியம். மொத்தம் என்பது அந்தக் குன்றுக்குக் கீழே உள்ள முழுப் பரப்பு. எவ்வளவு உயரம், எவ்வளவு நேரம் என்ற இரண்டையும் பெருக்கியது போன்ற ஓர் அளவு. ஒரே மணியில் கொட்டினாலும் நாள் முழுக்கத் தூறினாலும் மழைமானியில் சேர்ந்த மில்லிமீட்டரை மாலையில் எடுத்துப் படிப்பதுபோல. 24 மணி நேரப் பரப்பை எம்.ஐ.சி.யால் வகுத்தால் வரும் எண் சுமார் 125 இருக்க வேண்டும் என்ற இலக்கு பரவலாகப் பயன்படுகிறது. அது முதலில் கடுமையாக நோயுற்ற மனித நோயாளிகளிடம் நடந்த ஆய்வில் கிடைத்த எண் என்பதால், கோழிக்கும் அதே எண்தான் என்று அடித்துச் சொல்வதற்கில்லை. தொடக்கக் குறியீடாக எடுத்துக்கொள்ளலாம்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 10 மி.கி. டோஸில் கோழியின் இரத்தத்தில் அந்தப் பரப்பு 30 என்று வைத்துக்கொள்வோம். எம்.ஐ.சி. 0.06 உள்ள கிருமிக்கு 30-ஐ 0.06-ஆல் வகுத்தால் 500, இலக்கைத் தாண்டிவிட்டது. எம்.ஐ.சி. 0.25 என்றால் 120, விளிம்பில் நிற்கிறது. எம்.ஐ.சி. 2 என்றால் 15 மட்டுமே. இந்தக் கிருமியிடம் இலக்கை எட்ட டோஸை எட்டு மடங்குக்கு மேல் கூட்ட வேண்டும். அது கோழிக்கும் ஆகாது, இறைச்சியை உண்பவருக்கும் ஆகாது. அந்த நிலையில் மாற்ற வேண்டியது டோஸை இல்லை, மருந்தைத்தான்.

ஒரு மருந்து சந்தைக்கு வரும் முன் இந்தக் கணக்கு காகிதத்தோடு நின்றுவிடுவதில்லை. நோய் ஏற்படுத்திய கோழிகளைக் குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு மருந்தின்றியும் மற்ற குழுக்களுக்கு வெவ்வேறு டோஸிலும் கொடுத்து, இறப்பு, எடை, பிரேதப் பரிசோதனையில் காற்றுப்பையின் நிலை ஆகியவற்றை ஒப்பிடுவார்கள். எந்த டோஸுக்கு மேல் கூட்டியும் பலன் கூடவில்லையோ அதைத் தேர்ந்து, பிறகு உண்மையான பண்ணைகளில் மீண்டும் சோதிப்பார்கள். லேபிளில் உள்ள ஒற்றை எண்ணுக்குப் பின்னால் இத்தனை படிகள் உள்ளன.

மில்லிகிராமிலிருந்து தொட்டிக்கு

இத்தனை உழைப்பில் கிடைத்த எண், கோழியின் ஒரு கிலோ உடல் எடைக்கு இத்தனை மில்லிகிராம் என்ற வடிவில் இருக்கிறது. அதைத் தொட்டிக்கு மாற்றும்போதுதான் பண்ணையில் பெரும்பாலான தவறுகள் நேர்கின்றன. ஆகவே இந்தப் பகுதியில் கொஞ்சம் நிதானமாக நடப்போம். எடுத்துக்காட்டுக்கு மீண்டும் என்ரோஃப்ளாக்சசினையே எடுக்கிறேன், அதன் எண்கள் நன்கு ஆராயப்பட்டவை என்பதால். மனித மருத்துவத்துக்கு மிக முக்கியமானவை என்று உலக சுகாதார நிறுவனம் வகைப்படுத்தியுள்ள குயினலோன் குடும்பத்தைச் சேர்ந்தது அது. எடுத்த எடுப்பில் கையில் எடுக்க வேண்டிய மருந்தாக அதைக் கருதக் கூடாது.

ஒரு கொட்டகையில் 5,000 கறிக்கோழிகள், வயது 25 நாள், சராசரி எடை 1.2 கிலோ. மொத்த உடல் எடை 6,000 கிலோ. கிலோவுக்கு 10 மி.கி. வீதம் ஒரு நாளைக்கு 60,000 மி.கி., அதாவது 60 கிராம் மருந்து வேண்டும். பாட்டில் 10 சதவீதக் கரைசல் என்றால் ஒரு மில்லியில் 100 மி.கி. இருக்கும், ஆகவே 600 மில்லி தேவை. அதே மருந்தின் 20 சதவீதப் பாட்டில் என்றால் 300 மில்லி போதும். சதவீதத்தைச் சொல்லாமல் மில்லியை மட்டும் சொல்வது, படியா மரக்காலா என்று சொல்லாமல் "பத்து அள" என்பதைப் போன்றது.

கவனித்தால், இந்தக் கணக்கில் தண்ணீர் இன்னும் வரவே இல்லை. 600 மில்லி என்பது முடிந்துவிட்டது. அதை எத்தனை லிட்டரில் கலப்பது என்பது கோழிகள் எவ்வளவு குடிக்கின்றன என்பதைப் பொறுத்த, இரண்டாவது கேள்வி.

இப்போது இதே கொட்டகையில் "இரண்டு லிட்டருக்கு ஒரு மில்லி" என்று மட்டும் பின்பற்றினால் என்ன ஆகும்? மார்கழிக் குளிரில் கோழிக்கு 200 மில்லி வீதம் 1,000 லிட்டர் குடித்தால் 500 மில்லி மருந்து போகும், கிலோவுக்கு 8.3 மி.கி. சித்திரை வெயிலில் 1,800 லிட்டர் குடித்தால் 900 மில்லி போகும். கிலோவுக்கு 15 மி.கி. குளிர்நாளில் நோயால் சோர்ந்து, குடிப்பது 750 லிட்டராகக் குறைந்திருந்தால் கிலோவுக்கு 6.25 மி.கி. மட்டுமே. கலவை ஒன்றுதான், தொட்டி ஒன்றுதான். டோஸ் மட்டும் இரண்டு மடங்குக்கு மேல் ஏறி இறங்குகிறது.

வயதும் இப்படியே ஆட்டுவிக்கும். 180 கிராம் எடையுள்ள ஒரு வாரக் குஞ்சு 45 மில்லி குடித்தால், அதன் எடைக்குக் கிலோவுக்கு 250 மில்லி ஆகிறது. 2 கிலோ எடையுள்ள ஐந்து வாரக் கோழி 320 மில்லி குடித்தாலும் கிலோவுக்கு 160 மில்லிதான். அதே கலவை குஞ்சுக்குக் கிலோவுக்கு 12.5 மி.கி. ஆகவும், பெரிய கோழிக்கு 8 மி.கி. ஆகவும் போய்ச் சேரும். கறிக்கோழி வளரும் வேகத்தையும் மறக்கக் கூடாது: 25-ஆம் நாள் 1.2 கிலோவாக இருந்தது, ஐந்து நாள் சிகிச்சையின் கடைசி நாளில் 1.5 கிலோவை எட்டியிருக்கும். முதல் நாள் 600 மில்லி என்றால் ஐந்தாம் நாள் 750 மில்லி. முதல் நாள் கணக்கையே கடைசிவரை ஓட்டினால், சிகிச்சை முடியும்போது ஐந்தில் ஒரு பங்கு குறைத்தே கொடுத்திருப்போம்.

ஆகவே சரியான கணக்குக்கு இரண்டு எண்கள் வேண்டும். ஒன்று, எடை: கொட்டகையின் முன், நடு, பின் பகுதிகளிலிருந்து குறைந்தது 50 கோழிகளையாவது பிடித்து எடைபோட்டு எடுத்த சராசரி. இரண்டு, முந்தைய நாள் குடித்த தண்ணீர்: குழாயில் மீட்டர் இருந்தால் ஒரே பார்வையில் கிடைக்கும்; இல்லையென்றால் தொட்டியின் உட்புறம் 50 லிட்டருக்கு ஒரு கோடு போட்டுவைத்து, காலை எத்தனை மணிக்கு எந்தக் கோடு, மறுநாள் அதே மணிக்கு எந்தக் கோடு என்று குறித்துக்கொள்ளலாம். ஒரு கொட்டகையில் அப்படிக் குறித்துப் பார்த்தபோது, ஆயிரம் லிட்டர் என்று எல்லோரும் நம்பிய தொட்டியில் குழாய் வாய்க்குக் கீழே தேங்கி நிற்கும் தண்ணீரைக் கழித்தால் எண்ணூற்றுச் சொச்சம்தான் கோழிக்குப் போகிறது என்பது தெரிந்தது. ஒவ்வொரு முறையும் தொட்டிக்கு இட்ட மருந்தில் ஒரு பங்கு அடியிலேயே தங்கியிருக்கிறது.

தண்ணீரின் குணமும் கணக்கில் சேரும். என்ரோஃப்ளாக்சசின் கரைசல் காரத்தன்மை உடையது. அமிலம் கலந்த தண்ணீரில் ஊற்றினால் மருந்து திரிந்து படியக்கூடும், கோழி கொத்திக் குடிக்கும் நிப்பிள் முனையும் அடைக்கும். டெட்ராசைக்ளின் வகைக்கு நேர்மாறாக, சிட்ரிக் அமிலம் உதவி செய்யும். அமாக்சிசிலின் தண்ணீரில் கலந்தபின் நேரம் ஆக ஆகச் சிதையும்; அன்றன்றைக்குக் கலக்க வேண்டும். எந்த மருந்தானாலும் கொடுக்கும் நாட்களில் குளோரினை நிறுத்திவைக்க வேண்டும்.

சுருக்கமாக: எடையிலிருந்து மருந்தின் அளவு, குடிக்கும் அளவிலிருந்து தண்ணீரின் அளவு. இந்த வரிசை தலைகீழானால் டோஸ் தற்செயலாகத்தான் சரியாக அமையும்.

கொட்டகையின் கடைமடை

5,000 கோழிக்கும் சேர்த்து 60 கிராம் என்றால் ஒவ்வொரு கோழிக்கும் 12 மி.கி. போகும் என்று அர்த்தமாகாது. திடமான கோழி முந்திக்கொண்டு குடிக்கிறது. காய்ச்சலில் இறக்கையைத் தொங்கவிட்டு மூலையில் நிற்கும் கோழி கடைசியில் வந்து இரண்டு மிடறு குடித்துவிட்டுப் போகிறது. யாருக்கு மருந்து அதிகம் வேண்டுமோ அதற்கே குறைவாகப் போகிறது. தீவனத்தைவிடத் தண்ணீரில் மருந்து கொடுப்பதற்குக் காரணமும் இதுதான்: நோயுற்ற கோழி முதலில் தீனியை விடுகிறது, தண்ணீரை அத்தனை சீக்கிரம் விடுவதில்லை.

இதனால்தான் இன்றைய டோஸ் ஆய்வுகள் சராசரிக் கோழியோடு நிற்பதில்லை. எடை, குடிக்கும் அளவு, உறிஞ்சும் திறன், எம்.ஐ.சி. ஆகிய ஒவ்வொன்றும் கோழிக்குக் கோழி, கிருமிக்குக் கிருமி எவ்வளவு மாறுகிறது என்பதைக் கணினியில் இட்டு, ஆயிரக்கணக்கான கற்பனைக் கோழிகளை உருவாக்கி, எந்த டோஸில் நூற்றுக்கு 90 கோழிகளாவது இலக்கை எட்டுகின்றன என்று பார்க்கிறார்கள். கடைமடை வயலுக்கும் எட்டும்படி மதகைத் திறப்பது என்பதன் கணித வடிவம் அது.

பாதி டோஸ் என்னும் ஆபத்து

"நோய் வரலை, ஆனாலும் ஒரு காப்புக்கு லேசா போட்டு வைக்கலாம்" என்ற பேச்சை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். சொல்பவரின் அக்கறையில் குறை காண முடியாது. ஆனால் ஆன்டிபயாட்டிக் விஷயத்தில் குறைந்த அளவு என்பது குறைந்த தீமை ஆகாது. அரை அங்குலத் தண்ணீர், பலவீனமான களையை மட்டும் மூழ்கடித்துவிட்டு, தாங்கும் களைக்கு இடத்தையும் சத்தையும் விட்டுக்கொடுக்கிறது. மருந்தின் செறிவு, மென்மையான கிருமியைக் கொல்லும் அளவுக்கு மேலும், சற்றே தாங்கும் கிருமியைக் கொல்லும் அளவுக்குக் கீழும் நிற்கும் அந்த இடைவெளிதான் எதிர்ப்புத்திறன் வளரும் பாத்தி. பெனிசிலினைக் கண்டறிந்த அலெக்சாண்டர் ஃபிளெமிங், 1945 டிசம்பரில் ஆற்றிய நோபல் உரையிலேயே, போதாத டோஸ் கிருமிகளை மருந்துக்குப் பழக்கிவிடும் என்று எச்சரித்தார்.

அது வெறும் அச்சமாக நின்றுவிடவில்லை. அமெரிக்காவில் 1996-இல் கோழிகளுக்கு அனுமதிக்கப்பட்ட என்ரோஃப்ளாக்சசின், அந்த வகை மருந்துகளுக்கு அடங்காத கேம்பைலோபேக்டர் கிருமி மனிதரிடம் பரவுவதை முன்வைத்து 2005 செப்டம்பரில் விலக்கப்பட்டது. கோலிஸ்டினுக்கு எதிர்ப்புத்திறன் தரும் எம்.சி.ஆர்.-1 என்ற மரபணு, ஒரு பாக்டீரியாவிலிருந்து இன்னொன்றுக்குத் தாவக்கூடியது என்பது 2015-இல் சீனாவிலிருந்து வந்த ஆய்வில் வெளிப்பட்டது. மனிதருக்குக் கடைசி நேரத்தில் கைகொடுக்கும் மருந்துகளுள் ஒன்று கோலிஸ்டின் என்பதால், இந்தியா 2019 ஜூலையில் உணவுக்கான விலங்குகளிலும் கோழிகளிலும் தீவனத்திலும் அதன் பயன்பாட்டைத் தடை செய்தது.

முட்டைக்கோழிப் பண்ணையில் இன்னொரு கணக்கு

கடைசி டோஸுக்கும், இறைச்சி அல்லது முட்டை விற்பனைக்குப் போவதற்கும் இடையே விட வேண்டிய நாட்களுக்கு விலக்கு காலம் என்று பெயர். உடலில் எஞ்சிய மருந்து, உண்பவருக்குத் தீங்கில்லாத அளவுக்கு இறங்க எடுக்கும் காலம் அது. டோஸைக் கூட்டினால், அல்லது சிகிச்சையை நீட்டினால், லேபிளில் உள்ள விலக்கு காலம் செல்லாது. அது லேபிளில் உள்ள டோஸுக்காக மட்டும் அளக்கப்பட்டது.

கறிக்கோழியில் இது ஓரளவு நேரான கணக்கு. முட்டைக்கோழியில் அப்படியில்லை. ஒரு முட்டையின் மஞ்சள் கரு, இடப்படும் நாளுக்கு முந்தைய சுமார் 10 நாட்களில் நாள்தோறும் படலம் படலமாகச் சேர்ந்து பெரிதாகிறது. கோழியின் உடலுக்குள் ஒரே நேரத்தில், நாளைக்கு வர வேண்டிய கரு, நாளை மறுநாள் வர வேண்டியது, அதற்கடுத்தது என்று சிறிதும் பெரிதுமாகக் கொத்தாக வளர்ந்துகொண்டிருக்கும். இன்று தொட்டியில் கலந்த மருந்து அந்தக் கொத்தில் உள்ள ஒவ்வொரு கருவிலும் ஒரு படலமாகப் படிகிறது. இரத்தத்திலிருந்து மருந்து வடிந்த பிறகும், அடுத்த வாரம் இடப்போகும் முட்டைக்குள் அது இருக்கும். முட்டையிடும் கோழிகளுக்கு என்ரோஃப்ளாக்சசின் கூடாது என்று ஐரோப்பிய நாடுகளின் லேபிள்கள் சொல்வது இந்தக் காரணத்தால்தான். எனவே முட்டைக் கொட்டகையில் எந்த மருந்து கொடுத்தாலும் மருந்தின் பெயர், சதவீதம், அன்றைய சராசரி எடை, கோழிகள் குடித்த லிட்டர், கடைசி டோஸ் கொடுத்த தேதி ஆகியவற்றைப் பதிவேட்டில் எழுதிவைத்து, முட்டை வண்டி வந்து நிற்கும் காலையில் அந்தத் தேதியிலிருந்து நாட்களை எண்ணிப் பார்க்க வேண்டும்.